உப்பு நிற்காத உடம்பு

அந்த வருஷங்களில் எனக்கு இரண்டு வேலை. திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பயிற்சி டாக்டர். வார்டு விட்ட நேரமெல்லாம் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி மாணவி. வார்டில் என்னை ‘ஆராய்ச்சிக்காரி’ என்று கிண்டல் செய்வார்கள், ஆராய்ச்சிக்கூடத்தில் ‘வார்டம்மா’ என்பார்கள். இரண்டு இடத்திலும் நான் அரை ஆள்தான். ஒன்றை விட்டுத்தொலை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். எதை விடுவது? இரண்டும் பிடித்திருந்தது.

வெயிலில் வயல் வேலை செய்யும் பெண்களின் உடம்பு, உப்பை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது என் ஆராய்ச்சி. அதற்கு அவர்களுடைய சிறுநீர் வேண்டும். அதில் மஞ்சள் மருந்து ஒன்றைக் கலந்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதல் சொட்டிலேயே செங்கல் நிறமாகிவிட்டால் உப்பு அனேகமாக இல்லை என்று பொருள். எவ்வளவு விட்டும் மஞ்சளாகவே நின்றால் உப்பு நிறைய இருக்கிறது. சோறு தண்ணி மறந்து சொட்டு விட்டுக்கொண்டிருப்பேன். அந்த நிறம் மாறுகிற கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று இழுபறி நடந்துகொண்டிருந்த நேரம் அது. புட்டிகளோடு போய் இறங்கியதும் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சித்தூர்லேர்ந்து ஜீப்புல வந்தவங்க, வூட்ல இன்னா பேசறீங்கன்னு கேட்டுக்கினு போனாங்க. நீங்க மூத்திரம் கேக்கறீங்க. அதுலகூடவா தமிழா தெலுங்கான்னு தெரியும்?”

வயல் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. அதன் பிறகு புட்டி கேட்டு நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசி பிறந்தது. அந்த ஊரில் ஒரு குடும்பமே மாதம் முழுக்க உப்பைத் தொடுவதில்லை என்று திருமலைக்கு வேண்டிக்கொண்டது. அவர்கள் வீட்டு மூத்த மருமகள் மாதக்கணக்கில் இளைத்துத் துவண்டுகொண்டிருந்தாள். அவள் தேறத்தான் இந்த வேண்டுதல். எனக்கோ குஷி. ஒரு வீடே உப்பில்லாமல் சாப்பிடும்போது உடம்பு என்ன செய்யும் என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்குமா!

சில நாள் கழித்துச் சோதித்தேன். மாமியார், ஓரகத்தி, நாத்தனார் எல்லோருக்கும் முதல் சொட்டிலேயே சிவந்தது. வெளியிலிருந்து உப்பு வராததால் உடம்பு உள்ளே இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. மூத்த மருமகளின் புட்டி மட்டும் மஞ்சளாகவே நின்றது. விட்டேன், விட்டேன், மஞ்சள்தான்.

என் பேராசிரியர் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பது அவர் வழக்கம். “யாருக்கும் தெரியாம ஊறுகாய் தின்னிருப்பா. அவளைக் கணக்குலேர்ந்து எடுத்துடு. வதிலேய்யம்மா.” விட்டுவிடு என்கிறார். என்னால் விட முடியவில்லை. மறுபடி எடுத்த புட்டியும் மஞ்சளாகவே நின்றதும் அவள் வீட்டுக்கே போனேன்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள். “சாமி சத்தியமா தொடல டாக்டரம்மா. எனக்காக வூடே சப்புன்னு துன்னுகினு கெடக்குது. நான் போயி திருட்டுத்தனம் பண்ணுவனா?”

கண்ணைத் துடைத்த அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை ரேகைகள் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறுகளிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. எழுந்து நிற்கச் சொன்னதும் தலைசுற்றி என் மேல் சாய்ந்தாள். புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நோய் அது. சிறுநீரகத்தின் மேல் குல்லா வைத்ததுபோல் இருக்கும் சுரப்பி கெட்டுப்போனால் உடம்பில் உப்பு நிற்காது, கைரேகையும் ஈறும் கறுக்கும். எனக்குப் பயம்தான், வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷமும்தான். மறு நிமிடம் புத்தகத்தின் அடுத்த வரி நினைவுக்கு வந்து சந்தோஷம் அடங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கு உப்பை நிறுத்தினால் உயிர் போய்விடும். அவள் தேறவேண்டும் என்று வீடே கூடி உப்பை நிறுத்தியிருந்தது.

அன்றே அவளையும் புருஷனையும் புத்தூரில் ரயிலேற்றி வார்டுக்கு அழைத்து வந்தேன். பேராசிரியர் அவள் கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊறுகாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மதராஸுக்கு ஊசி மருந்து கேட்டுத் தந்தி அடித்தோம். அது வந்து சேரும்வரை உப்புதான் மருந்து. அவளோ உப்புக் கரைத்த கஞ்சியைத் தொடமாட்டேன் என்று சாதித்தாள்.

“சாமிகிட்ட சொன்ன வார்த்தைய எப்பிடி மாத்தறது?” என்றாள். பிறகு மெதுவாக, “துன்னா பொழைப்பனா?”

“தெரியாது. துன்னலன்னா நிச்சயம் பிழைக்கமாட்டீங்க” என்றேன்.

அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கடைசியில் தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். “உப்புக்குப் பதிலா முடியக் குடுத்துடறேன். தோ, இங்கேர்ந்தே சொல்லிட்டேன்.” கஞ்சியை வாங்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். கிண்ணத்தின் அடியில் கரையாமல் நின்ற கல் உப்பை விரலால் வழித்து, கண்ணை மூடி, சப்பினாள்.

“தெனம் இதே நெனப்பும்மா. உப்புச் சட்டிக்குள்ளாற தலையவுட்டு நக்கணும்போல இருக்கும். அடக்கிக்கினு கெடந்தேன்.”

“அது உங்க உடம்பு கேட்டது. பிழைக்கணும்னுதான் கேட்டிருக்கு.”

அவள் விரல் வாயிலேயே நின்றது. “நோவாம்மா அது? அப்பிடி ஆசப்படறதே பாவம்னுதானே நான் நெனச்சிக்கினு இருந்தேன்.”