அம்மாவுக்கு நாற்காலி கொடுத்த பேஸ்பால்

அந்த வருடம் உலகக் கோப்பையில் நம் அணி முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியதும் அப்பா கிரிக்கெட்டைத் தலைமுழுகினார். நிஜமாகவே தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "இனிமே இந்த வீட்ல கிரிக்கெட் கிடையாது" என்று ஈரத்துண்டோடு அறிவித்தார். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவே துக்கத்தில் இருந்த நாள் அது. நான் மட்டும் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

டிவி இல்லாமல் அவரால் இருக்க முடியுமா? ரிமோட்டைக் குடைந்து ஒரு சேனலில் அமெரிக்க பேஸ்பாலைக் கண்டுபிடித்தார். அங்கே ஞாயிறு இரவு நடப்பது, இங்கே திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நேரடியாக வரும். மறைமலை நகர் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அதுதான் ஓடும்.

இதில் லாபம் அம்மாவுக்குத்தான். கிரிக்கெட் ஓடும்போது அம்மா ஹாலுக்கு வரக்கூடாது. வந்தால் நம் விக்கெட் விழும். கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற, ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத மனிதரின் கண்டுபிடிப்பு இது. பேஸ்பாலில் யார் தோற்றாலும் அப்பாவுக்குக் கவலையில்லை. அதனால் அம்மா முதல்முறையாகக் காபி டம்ளரோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, பேட்டைக் கீழ போட்டுட்டு ஓடுறான்?"

"அது அப்படித்தான்."

"எல்லாரும் எதையோ மென்னு துப்பிக்கிட்டே இருக்காங்களே, யாரு பெருக்குவா?"

அப்பாவுக்கு விதிகள் பாதிதான் தெரியும். மீதியைத் தைரியமாக இட்டுக்கட்டிச் சொன்னார். பயிற்சியாளர் அம்பயரிடம் மூக்கோடு மூக்காகச் சண்டைக்குப் போனால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். "விடாதே, கேளு!" என்பார். திங்கட்கிழமைகளில் உப்புமாதான், அதுவும் தாமதமாக. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

செப்டம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பை வந்தது. "இது கிரிக்கெட் கணக்குல வராது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று அப்பா சபதத்துக்கு ஒரு சந்து வெட்டினார். இறுதி ஆட்டமும் ஒரு திங்கட்கிழமைதான். காலையில் இருவரும் சேர்ந்து பேஸ்பால் பார்த்தார்கள். அதே பழக்கத்தில் மாலையிலும் அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நம் ஆள் அவுட்டானதும் அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ கொஞ்சம் உள்ள போயேன்" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசி ஓவர். எதிரணிக்கு ஒரே விக்கெட்தான் பாக்கி. ஆனால் இன்னொரு சிக்ஸர் அடித்தால் அவர்களுக்கே கோப்பை. அப்பாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

"ஏம்மா, சீக்கிரம் வா! வந்து உட்காரு!"

"எதுக்கு?"

"ஒரே ஒரு விக்கெட் வேணும்!"

சமையலறையிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "மாவு கரைச்சுக்கிட்டு இருக்கேன். திங்கட்கிழமை காலைல வரேன்."

அம்மா வராமலேயே விக்கெட் விழுந்தது. தெருவெங்கும் பட்டாசு. அப்பா குதித்தார், குதித்து முடித்ததும் காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் உட்காரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு நான் எழுந்து வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்து, ஒன்றை அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"ஆரம்பிச்சிட்டாங்க, வா."

அம்மா வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.