கொசுறுப் பிசாசுகள்

இதை எழுதலாம் என்று பேனாவை எடுப்பதும், மாரியாத்தாளை நினைத்து மூடி வைப்பதுமாக எத்தனையோ ஆடி மாதம் போய்விட்டது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் வாசிக்கிற நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். ஆனால் நான் செய்த பிழையை அவள்தான் பொறுக்க வேண்டும். பொறுத்துவிட்டாள் என்று இந்த வயதில்தான் ஒரு தைரியம் வந்திருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடியிருந்தார். காலையில் மலைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் திரும்புவார். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பால்காரம்மாவிடம் தமிழ் கற்றதால் எங்களைப் போலவே பேசுவாள். ஆனால் மரியாதைப் பேச்சு மட்டும் வராது, எல்லாரும் அவளுக்கு நீ, வா, போதான். என் அப்பா உட்பட.

ஒரு லீவுக்குத் தன் ஊருக்குப் போய்த் திரும்பியவள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு மெல்லிய புத்தகம், விதவிதமான பகடைகள். அப்பா அதில் இருபது முகப் பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முருகருக்கே ஆறு முகம்தான். இதுக்கு இருபதா? ரொம்ப ஜாஸ்தி" என்று கொடுத்துவிட்டார்.

அந்த ஆட்டத்துக்குக் கட்டம் கிடையாது, காய் கிடையாது. அவள் கதை சொல்வாள். குகைக்குள் போகிறாய், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வாய் என்பாள். தம்பிதான் வீரன். வெட்டுவேன் என்று பகடையை உருட்டுவான். பெரிய எண் விழுந்தால் பூதத்துக்கு அடி, சின்ன எண் விழுந்தால் இவனுக்கு அடி. புத்தகத்தில் இருந்த பூதங்களெல்லாம் பெரிய பெரிய பூதங்கள். முதல் நாளே வீரன் மூன்று தடவை செத்தான். மூன்றாவது சாவுக்குத் தம்பி பகடையைக் கிணற்றில் போடக் கிளம்பிவிட்டான்.

"செத்தா அழறான்டி இவன்," என்றாள் அவள். "பலம் கம்மியா எதிரி வேணும். நீ செய்."

என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டுக் கொடுத்தாள். உயிர் எத்தனை, என்ன செய்யும், எதுக்குப் பயம். நான் முதலில் செய்தது கொட்டாங்குச்சித் தலையன். உயிர் ஒன்று. ஒன்றும் செய்ய மாட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சும்மா நின்னு அடி வாங்கினா அது எதிரி இல்ல, அரிசி மூட்டை. சின்னதா இருக்கட்டும். ஆனா அதுக்கும் ஒரு வேலை தெரியணும், ஒரு பயம் இருக்கணும்."

அப்புறம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கொட்டாங்குச்சித் தலையன் புளியங்கொட்டை எறிவான், துடைப்பத்தைக் கண்டால் ஓடுவான். ஈரச்சாக்கு குளத்துப் படியில் கிடந்து காலைக் கவ்வும், வெயில் பட்டால் செத்துவிடும். காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு வருகிற மாதிரி, பெரிய பூதத்தோடு சும்மா வருவதால் இதுகளுக்குக் கொசுறுப் பிசாசு என்று பெயர் வைத்தோம். தம்பி ஒரே சாயங்காலத்தில் பதினொன்றைக் கொன்றான். அன்றைக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது.

சும்மா இருக்காமல் வீட்டு மனிதர்களையும் நோட்டில் ஏற்றினேன். அப்பாவுக்குப் பயம், பல்லி. தம்பிக்கு, விளக்கெண்ணெய். அம்மாவுக்கு மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'பயம்: இல்லை' என்று எழுதினேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் நெருப்புப் பொட்டு என்று ஒன்று செய்தேன். குங்குமப் பொட்டு அளவு, செக்கச்செவேல் என்று இருக்கும். உடம்பில் உட்கார்ந்தால் சுடும். உயிர் ஒன்றுதான். பயம் என்ன என்று எழுதுவதற்குள் அம்மா கடைக்கு அனுப்பிவிட்டாள், அந்த இடம் காலியாகவே நின்றது. திரும்பி வந்ததும் ஆட்டம். ஒரு உயிர்தானே, நிறைய விட்டால் என்ன என்று நாற்பது விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். தம்பி ஒன்றை அடித்தால் மிச்சம் முப்பத்தொன்பதும் அவனைச் சுட்டன. வீரன் விழுந்தான். தம்பி அழவில்லை. "தல வலிக்குதுக்கா" என்று சொல்லிப் படுத்துவிட்டான். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை அவன் வயிற்றில் ஒன்று, மார்பில் மூன்று. மத்தியானத்துக்குள் முதுகு முழுக்க. குங்குமப் பொட்டு அளவு, செக்கச்செவேல் என்று.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. வெளியாள் வரக்கூடாது என்று பின்கட்டுக் கதவைச் சாத்தினார்கள். அப்பா அழைத்து வந்த நர்சம்மா எட்டிப் பார்த்து, "சின்னம்மைங்க. சின்னதுதான், பயப்படாதீங்க" என்றார். அம்மா தலையை ஆட்டினாள்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எதைக் கண்டால் ஓடும் என்று நான் எழுதவே இல்லையே, எப்படி ஓடும்? யாரும் பார்க்காதபோது அந்தக் காலி இடத்தில் 'வேப்பிலை' என்று எழுதினேன். மறுநாள் பொட்டுகள் கூடித்தான் இருந்தன. பகடை ஒன்று என்னிடம் இருந்தது. தம்பி தூங்கும்போது அவன் பாய் ஓரத்தில் உருட்டினேன். பெரிய எண் விழ விழ நோட்டில் ஒவ்வொரு கோடாகப் போட்டு அடித்தேன். விடிந்து பார்த்தால் இமை மேலும் இரண்டு புதிதாக. ஆட்டத்தில் செத்த பிசாசு திரும்பி வராது. இது வந்தது. மறுபடியும் உருட்டினேன்.

"என்னடி உருட்டற?" அம்மா பின்னால் நின்றாள்.

"பொட்டுங்கள அடிக்கிறேம்மா. பத்தொம்பது செத்துடுச்சி."

அம்மா படபடவென்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து என் கன்னத்திலும் போட வைத்தாள். "வந்திருக்கறது யாருன்னு தெரியுமா உனக்கு? மாரியாத்தா. வீடு தேடி வந்தவளயா அடிப்பாங்க?" பிறகு தம்பியின் தலைமாட்டைப் பார்த்து, விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி தணிந்த குரலில், "கொழந்த தெரியாம பண்ணிடுச்சி தாயே, மனசுல வெச்சிக்காத" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ஆத்தாளைக் கொசுறுப் பிசாசு என்று எழுதி, உயிர் ஒன்று என்று போட்டு, பத்தொன்பது தடவை அடித்திருக்கிறேன். பதிலுக்கு அவள் தம்பியை எடுத்துக்கொள்வாள் என்று நிச்சயமாகத் தோன்றியது.

பின்பக்க ஜன்னல் வழியாகப் பின்கட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாத்தயும் சாவடிக்கணும்னு இல்லடி. சிலது வேற எதுக்கோ வரும். அது கெடச்சா போயிடும். இந்த எதிரிக்கு என்ன வேணும், யோசி."

"எதிரின்னு சொல்லாத."

"சரி." கம்பியைப் பிடித்து எம்பி, தம்பி படுத்திருந்த பக்கம் பார்த்தாள். "அவங்களுக்கு என்ன வேணும்?"

அவள் வாயில் 'அவங்க' என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டேன். இளநீர், மோர், குளிர்ச்சி, நல்ல வார்த்தை. மேலே எதிரி என்று இருந்ததை அடித்து விருந்தாளி என்று எழுதினேன். அப்பாவை நச்சரித்து இளநீர் வாங்க வைத்தேன். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, "தாயே, வெயில் ஜாஸ்தியா இருக்குதா, சாப்பிட்டீங்களா" என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். தம்பி, "யார்கிட்டக்கா பேசற?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போவான்.

அம்மாவும் குளிர்ச்சிக்காகத்தான் தண்ணீர் இறைக்கிறாள் என்று நினைத்தேன். அண்டா நிறைந்தது, தொட்டி நிறைந்தது, இருக்கிற சொம்பெல்லாம் நிறைந்தது. அப்புறமும் இறைத்துக் கொட்டினாள். கிணற்று ராட்டினம் நாள் முழுக்கக் கிறீச்சிட்டது.

ஏழாம் நாள் பொட்டுகள் கறுத்து உதிர ஆரம்பித்தன. ஒன்பதாம் நாள், வெயிலில் வைத்த மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தம்பி தலைக்கு ஊற்றினார்கள். துடைத்துவிடும்போது அவன் கேட்டது, "என் வீரன் உயிரோட இருக்கானா?" இருக்கிறான் என்றேன். அம்மா அன்றைக்குத்தான் கடுகு தாளித்தாள்.

அடுத்த வருஷம் பின்கட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எத்தனையோ வருஷம் கழித்து, அம்மா இறந்து முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஏதோ பேச்சில் சொன்னாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தானாம். ஏழு வயதில் பெரியம்மையில் போனானாம், அம்மாவின் மடியிலேயே. நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆத்தா வந்த வூட்ல அழக்கூடாது இல்ல. அப்பவே அவ கெணத்தடிக்குத்தான் ஓடுவா. ராட்டினச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது பாரு."

அந்த நோட்டு இன்னும் என் பூஜை அலமாரியில் இருக்கிறது. இதை நீங்கள் யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். பொட்டுகளை நாற்பதுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆத்தாள் தோற்றாள் என்றோ நான் ஜெயித்தேன் என்றோ சொல்லிவிட வேண்டாம், வேண்டியது கிடைத்ததும் அவளாகத்தான் போனாள். அம்மாவுக்கு நேரே, பயம் என்ற இடத்தில் நான் எழுதியதையும் திருத்த வேண்டாம். 'இல்லை' என்றே இருக்கட்டும். அவள் எங்கள் கண்ணில் படவிட்டது அவ்வளவுதான்.