பூமாலையும் சூப்பர்சார்ஜரும்

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் சாதகம் பார்த்தார்கள், படிப்பு பார்த்தார்கள். கடைசியாக வாகனத் தரிப்பிடத்தில் நின்ற என் காரைப் பார்த்தார்கள். அதோடு மாப்பிள்ளையின் தாயான மாமியின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டே கதவுள்ள, தாழ்ந்த, கறுத்த கார். நான் சாவியைத் திருப்பினால் பக்கத்துத் தெரு நாய்கூடக் குரைக்கும். நான் வெட்கப்படவில்லை. சம்பளத்தில் பாதியையும் வார இறுதிகள் முழுவதையும் விழுங்கிய காருக்காக எதற்கு வெட்கப்பட வேண்டும்?

வாங்கும்போதே அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. என்ஜினுக்குள் காற்றை அமுக்கி அடைத்துத் தரும் கருவி அது. அதைச் சுழற்றும் கப்பியைச் சிறியதாக மாற்றினால் கருவி இன்னும் வேகமாகச் சுற்றும், காற்றும் கூடும், பலமும் கூடும். நான் மாற்றினேன். ஆனால் அமுக்கிய காற்று கொதிக்கும். கொதிக்கிற காற்றை என்ஜினுக்குக் கொடுத்தால் அது கெட்டுப்போகாமல் இருக்க, கார் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முன்பக்கத்தில் பெரிய குளிரூட்டி ஒன்றையும் பூட்டினேன். வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்குகளை மாற்றினேன், ரயர்களை மாற்றினேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்காபரோவில் எங்கள் வீட்டு கராஜில் விரல்கள் விறைக்க விறைக்க வேலை செய்தேன். அம்மா கதவைத் திறந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவாள். அந்த மௌனத்தில் எவ்வளவு ஏச்சு இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மாமி அப்படி மௌனம் காக்கிறவர் அல்ல. அகதியாக இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து நகரின் மறுகோடியில் பார்க்டேலில் ஒரே அடுக்குமாடியில் இருந்தபடி, பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். பயந்து பயந்து சேர்த்த வாழ்க்கை அது. அவருக்கு வேகமும் பிடிக்காது, சத்தமும் பிடிக்காது. கல்யாணத்துக்குப் பிறகு காரை விற்றுவிட்டால் நல்லது என்று மகனிடம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அதை என்னிடம் சொன்னபோது தலையைச் சொறிந்தார். விற்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, விற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது. அந்தக் காரை இழந்தால் என்னில் ஒரு பகுதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும்.

எங்கள் வழக்கப்படி, கல்யாண நாள் காலையில் பெண்ணின் தம்பி தோழனாகப் போய் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளை என் காரில்தான் வருவேன் என்று நின்றார். தலையைச் சொறிந்த மனிதர் அன்றைக்கு முதுகை நிமிர்த்தினார், அதற்காகவே நான் அவரைக் கட்டலாம் என்று நினைத்தேன். மகனைத் தனியாக விட மாட்டேன் என்று மாமியும் பட்டுச்சேலையோடு பின்சீற்றில் ஏறிக்கொண்டார். தலைப்பாகை கூரையில் இடித்ததால் மாப்பிள்ளை தலையைச் சரித்தபடி முன்னால் இருந்தாராம்.

மண்டபத்தில் எனக்குத் தலையலங்காரம் நடந்துகொண்டிருந்தபோது, காரை ஓட்டிவந்த தம்பி எனக்குப் போன் எடுத்தான். பார்க்வே நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்தபோது காருக்கு இழுவை போய்விட்டதாம், ஏசி நின்றுவிட்டதாம், வெப்பமானி சிவப்பைத் தொடுகிறதாம். ஒரு பெற்றோல் நிலையத்தில் ஒதுக்கியிருந்தான். ஆவணி வெயில். முகூர்த்தத்துக்கு அதிக நேரமில்லை. ஐயர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இந்தக் கார் நடுவழியில் படுத்தால், நாளைக்கு அது என் வீட்டில் இருக்காது. யோசித்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடிய கார், இன்றைக்கு மட்டும் என்ன? காரின் முன்னால் என்ன கட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

"மாலை, அக்கா. மூண்டு சுத்து. பெயின்ற் கீறுப்படக்கூடாதெண்டு அதுக்குப் பின்னாலை பிளாஸ்ரிக்கும் சுத்தினனான்."

என் பெயின்றில் அவ்வளவு அக்கறை. அவனைக் கொல்லவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. எல்லாரும் வான் வண்டிக்குக் கட்டுவதுபோல, காற்று நுழையும் வாயை மல்லிகையாலும் பிளாஸ்ரிக்காலும் இறுக்கி மூடிவிட்டு, அது ஏன் மூச்சுத் திணறுகிறது என்று கேட்கிறான். என்ஜினை நிறுத்தி, பொனெற்றைத் திறந்துவிட்டு, மாலையைக் கழற்றச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான். மாமி பார்த்துக்கொண்டு இருக்கிறாவாம், அவனால் முடியாதாம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாமி, காருக்கு ஒண்டுமில்லை. காத்துப் போற வழியை மறைச்சுப்போட்டான். மாலையைக் கழட்டவேணும்."

வாகன இரைச்சலுக்கு மேலால் மாமி குரலை உயர்த்தினார்.

"கலியாணத்துக்குப் போற காரிலை பூவைக் கழட்டுறதோ, பிள்ளை?"

"கழட்டினால் உங்கடை மகன் நேரத்துக்கு வருவார். என்னை நம்புங்கோ மாமி."

போன் துண்டிக்கப்பட்டது. பாதிப் பின்னலோடு நான் இருந்தேன். தலை அலங்கரிக்கும் அக்கா கைகளை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அழுதால் மை கரையும் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நடந்ததைத் தம்பி எனக்குப் பல தடவை சொல்லிவிட்டான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். மாப்பிள்ளை இறங்கி, சீற்றை மடித்து, தாயை வெளியே இறக்கினாராம். தம்பி கத்திரிக்கோல் தேடப் போக, மாமி அவனைத் தடுத்தாராம். கல்யாண மாலையை வெட்டக்கூடாது. பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு முடிச்சாகத் தன் கையாலேயே அவிழ்த்தாராம். பெற்றோல் அடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். அவர் பொறுமையாக அவிழ்த்த நேரம்தான் என்ஜின் ஆறிய நேரம். மாலையை நிலத்திலும் வைக்கக்கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறினாராம். அதன் பிறகு கார் பறந்தது என்று தம்பி சொல்வான். வேக எல்லைக்குள்தான் என்று மாப்பிள்ளை திருத்துவார்.

மண்டப வாசலில் அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. மாமி மடியில் பூக்குவியலோடு இறங்கியதை யன்னலால் பார்த்தேன். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. தாலி ஏறியது. அன்றைக்கு அவர் காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டில் செய்யும் நாலாஞ்சடங்குக்குப் பார்க்டேலுக்குப் போனபோது வேண்டுமென்றே அந்தக் காரைத்தான் எடுத்தேன். விற்கச் சொல்வதானால் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்ற வீம்பு. அடுக்குமாடிக்குக் கீழே மாமி ஆரத்தித் தட்டோடு நின்றார். பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் புதுமணத் தம்பதியின் காருக்கென்று ஆசையோடு கோத்த மாலையை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கத்துக்குப் போனார்.

மாமி தட்டை என் கணவரின் கையில் திணித்துவிட்டு விறுவிறென்று போய் காருக்கு முன்னால் நின்றார்.

"அங்கை கட்டாதையுங்கோ," என்றார். "அதுக்குக் காத்து வேணும்."