மாமாவின் ரப்பர் பாட்டு

நான் மருமகளாக ஜொகூரின் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பிலுள்ள வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாமா என் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்து, "கீழ போட்டுறாதம்மா" என்றார். குடும்ப நகையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கினேன். அட்டையில் கித்தாரோடு ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண். அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாட்டுக்குத் திடீரென்று மவுசு வந்த காலத்தில் தானே எழுதிப் பாடியவராம். கூடப் பாடியவர்களெல்லாம் உலகப் புகழ் பெற, இவர் ஒரே ஒரு இசைத்தொகுப்போடு காணாமல் போய்விட்டார். யாரோ ஒரு பயணி மாமாவின் பேருந்தில் விட்டுப்போன கேசட் அது. எவரும் தேடி வரவில்லை.

மாமா ஜொகூரிலிருந்து வடக்கே போகும் நெடுந்தூரப் பேருந்தை ஓட்டியவர். "டிரைவர், சினிமா பாட்டு போடுங்க லா" என்று பயணிகள் எவ்வளவு கெஞ்சினாலும் இந்தக் கேசட்தான் ஓடும். காரணம் கேட்டால் ஒரே பதில்: "நம்ம எஸ்டேட்டப் பத்திப் பாடுன ஒரே வெள்ளைக்காரி இவங்கதான்." ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை அவர். விடியலில் ரப்பர் வெள்ளையாக வழிகிறது, 'ரப்பர் ரன்ஸ் ஒயிட்', என்று அவரே கூடச் சேர்ந்து பாடும்போது கண் கலங்கிவிடும். நாடா தேய்ந்து போயிருந்ததால் எனக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது.

போன வருடம் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த அம்மா உயிரோடு இருந்தார். வாரம் ஒருமுறை தன் சமையலறையிலிருந்து இணையம் வழியாகப் பாடிக்கொண்டும் இருந்தார். சேதி கேட்டதும் மாமா முடிவெட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி, அங்கே முந்தைய நாள் மாலை. கல்யாணத்துக்குப் போடும் சட்டையில் மாமா என் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். கேட்க வந்தவர்கள் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். என்ன பாடட்டும் என்று அந்த அம்மா கேட்டதும், மாமா கையைத் தூக்கி ரப்பர் பாட்டைக் கேட்டார். அப்படி ஒன்றை எழுதிய நினைவே அவருக்கு இல்லை. மாமா எழுந்து நின்று முதல் வரியைப் பாடிக் காட்டினார்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ரப்பர் இல்லை, 'ரிவர்' என்றார். 'ரிவர் ரன்ஸ் வைட்.' அவர் ஊர் ஆறு அகலமாக ஓடுகிறதாம்.

"அலமாக்!" என்றார் அத்தை. "நாப்பது வருஷமா யார் வீட்டு ஆத்துக்கோ அழுதிருக்கீங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார். முகம் சின்னதாகிவிட்டது. கணினியை மூடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அதற்குள் அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரப்பர் எப்படி வெள்ளையாக வழியும் என்று கேட்டார். பயணிகளிடம் டிக்கெட் கேட்கப் பழகிய ஆங்கிலத்தில் மாமா சொல்லத் தொடங்கினார்: அப்பாவின் நெற்றி விளக்கு, பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நிறையும் பால், மழை வந்தால் எல்லாம் வீணாகிப்போகும் நாள்கள். கால் மணி நேரம் பேசினார். ஒருவரும் விலகிப் போகவில்லை.

அந்த அம்மா கித்தாரை எடுத்தார். ஆறு வருகிற இடத்திலெல்லாம் ரப்பரை வைத்து முழுப் பாட்டையும் பாடினார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? இப்பதான் சரியாப் பாடுறாங்க."