நீலச் சட்டையோடு போன பண்டிகை

அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்த மனைவி ஒரு நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "உது இனி உங்களுக்கு அளவில்லை, குடுக்கட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்தச் சட்டையை நாலுபேர் திரும்பிப் பார்த்தது ஒரேயொரு நாள்தான்.

அப்போது, ஊரைவிட்டு வந்து குடியேறிய நகரத்தில், மல்வேர்னுக்குப் பக்கத்தில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்கும், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் படம் எடுப்பேன். என்னோடு பெட்டி அடுக்கிய கலஃப் ஈராக்கிலிருந்து வந்த யெசீதி. அந்த மதத்தில் பிறந்ததற்காகவே அவனுடைய ஊரில் ஆண்களைக் கொன்றார்கள், பெண்களைக் கடத்தினார்கள். அந்த வசந்தத்தில் அங்கே சண்டை முடிந்ததாகச் செய்தி வந்தது. உண்மையா என்று கேட்டேன். தொலைக்காட்சியில் முடிந்துவிட்டது என்றான். எங்கள் ஊர்ச் சண்டையும் முதலில் தொலைக்காட்சியில்தான் முடிந்தது.

அடுத்த மாதம் அவர்களுடைய புதுவருடம். அது புதன்கிழமைதான் வரும். படம் எடுக்க வரச் சொன்னான். காய்ச்சல் என்று லீவு போட்டேன். கலஃபுக்கும் அதே காய்ச்சல்.

அஜின்கோர்ட்டில் ஒரு சின்ன மண்டபம். பிள்ளைகள் சாயம் தோய்த்த முட்டைகளை மோதி உடைத்து விளையாடினார்கள். எல்லோரும் எனக்குச் சாப்பாடு தந்தார்கள், என் நீலச் சட்டையையும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கலஃப் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். நீலம் அவர்கள் உடுத்தாத நிறம் என்பதை மறுவாரம்தான் சொன்னான். அன்று நன்றாக வியர்த்தேன்.

ஷிரீன் என்ற பெண் தன் சின்ன மகளோடு வந்து நின்றாள். காணாமல் போன கணவனின் முகம் ஃபோனில் இருந்தது. அதைப் பிடித்தபடி ஒரு படம் வேண்டுமாம். நான் கமெராவை அமத்தப்போகும் போதெல்லாம் ஃபோன் திரை அணைந்தது. நாலாவது தடவை பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரியுங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். ஃபோன் மறுபடி அணைந்தது. மகள் சிரித்தாள், தாயும் சிரித்தாள். அமத்திவிட்டேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

ஷிரீன் அதைப் பார்த்தாள். அழிக்கச் சொல்வதாகக் கலஃப் மொழிபெயர்த்தான். அவர் எங்கே என்று தெரியாதபோது தான் சிரிக்கக்கூடாதாம். அவள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "சொன்ன உடன அழிக்கிறதே? கொஞ்சம் பொறுத்திருக்கலாமெல்லோ" என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கலஃப் கேட்டான், அந்தப் படம் இருக்கிறதா என்று. மகள் அழுகிறாளாம், தாயும் இப்போது வேண்டும் என்கிறாளாம். அதற்குள் அதே கமெராக் கார்ட்டில் இரண்டு சாமத்திய வீடுகள் எடுத்திருந்தேன். கடையில் கொடுத்து மீட்கப் பார்த்தேன். பன்னீர் தெளிக்கும் மாமிமார்தான் திரும்பி வந்தார்கள்.

கலஃப் ஷிரீன் வீட்டிலிருந்து என்னை அழைத்து, அவளுடைய மகளிடம் ஃபோனைக் கொடுத்தான். படத்தை வாயால் சொன்னேன்: அம்மாவின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கை எங்கே இருந்தது என்று. அவள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பாவின் முகம் தெரிந்ததா?

தெரிந்தது என்றேன்.

பிறகு அவர்கள் வேறு நகரத்துக்குப் போனார்கள், கலஃபும் போய்விட்டான். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கட்டில் மெத்தை விற்கிறார்கள்.