தண்டலுக்கு நான் சொன்ன பதில்

மூக்கில் குச்சியை விடும்போது எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். சிலர் என் கையைப் பிடித்துத் தள்ளுவார்கள். தண்டல் கண்ணை மூடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தகரக் கொட்டகையின் கூரையைப் பார்த்தபடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணிப்பவரைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். குச்சியை வெளியே எடுத்ததும் இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிட்டா? இதுக்கா ஊரே இந்தப் பயம் பயப்படுது?" என்று சிரித்தார்.

தோணியை நடத்திச் செல்பவரைத் தண்டல் என்று சொல்வது எங்கள் தூத்துக்குடி வழக்கம். அவருக்கு அறுபதைத் தொட்ட வயது. வெயிலும் உப்பும் குடித்துக் கறுத்த கை. மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறியும் கல்லும் சிமெண்டும் ஏற்றிப்போய் வந்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் பெயர் எங்கள் பதிவேட்டில் இருந்தது. ஆனால் அவர் மனைவி 'தண்டலு' என்றே பேசியதால் எனக்கும் அவர் தண்டலாகவே நிலைத்துவிட்டார்.

நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ஆய்வகப் பணியாளராக இருந்தேன். கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து, அதுவரை தள்ளிப்போட்டிருந்த அறுவை சிகிச்சைகளை மறுபடி தொடங்கியிருந்த மாதங்கள் அவை. உள்ளே சேர வருகிறவர் யாராக இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசலிலேயே மாதிரி எடுக்க வேண்டும். உடன் தங்குபவருக்கும் எடுக்க வேண்டும். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை வேப்பமரத்தடியில் தள்ளித்தள்ளிப் போட்ட நாற்காலிகளில் காத்திருப்பார்கள். இருமல் இல்லாத தங்களை ஏன் நிறுத்தி வைக்கிறோம் என்று பலர் சண்டைக்கு வருவார்கள். நான் பதில் சொல்வதில்லை. முதல் அலையில், பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்த ஒருவரை அப்படியே உள்ளே சேர்த்திருந்தோம். ஒரு தும்மல்கூட இல்லாத ஆள். அவரிடமிருந்து தொடங்கி அந்த வார்டு முழுக்கப் பரவியது. தினமும் காலையில் என்னோடு தேநீர் குடிக்கும் வார்டு ஆயா அதில் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகுதான் அந்த விதியே வந்தது.

தண்டலின் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் உதிரப்போக்கு. அலை வந்ததால் இரண்டு முறை தேதி தள்ளிப்போய், இரத்தம் ஏற்றி ஏற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் புன்னைக்காயலிலிருந்து தங்கையோடு ஆட்டோவில் வந்தார். பழைய துறைமுகத்தில் தோணிக்குப் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் தண்டல் இரண்டு வாரமாக ஆட்களோடு அங்கேயே தங்கியிருந்தார். அங்கிருந்து நேரே சைக்கிளில் வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கென்று உடுத்திக்கொள்ள இரண்டு புதுச் சாரம், அதாவது கைலி, வாங்கி, ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தார்.

மாதிரிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "எங்களுக்கு மூணு பிள்ளைய, யம்மா. மூணு பிரசவத்துக்கும் நான் கரையில இல்ல. ரெண்டாவது பிள்ள பொறந்து நாப்பது நாளு கழிச்சுத்தான் மொகத்தையே பாத்தேன். இந்தத் தடவ கூடவே இருப்பேன்னு மாதா சத்தியமா சொல்லியிருக்கேன்."

இரண்டு மணி நேரம் கழித்து முடிவுகள் வந்தன. அந்த அம்மாளுக்கு இல்லை. தங்கைக்கும் இல்லை. தண்டலுக்கு இருந்தது.

அவரைக் கொட்டகையின் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டினார். "மூழ்கிச் சங்கு எடுத்தவன்மா நான். என் மூச்சப் பாரு. காய்ச்சல் இல்ல, சளி இல்ல. நீ கையில தேய்ச்சிருக்கியே மருந்து, அது மணம் இங்கன வரைக்கும் வருது" என்றார். "இன்னொரு தடவ எடுத்துப் பாரேன்" என்றார். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு முறை எடுப்பதில்லை, அதுதான் விதி என்றேன். அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இல்லைன்னு எழுதிரும்மா. ஒனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியப் போவுது? முகத்த மூடிக்கிட்டு ஒரு மூலையில கெடக்கேன். அவளத் தொடக்கூட மாட்டேன்."

பேனா என் கையில் இருந்தது. ஒரு கணம் நான் எழுதிவிடுவேன் என்றுதான் எனக்கே தோன்றியது. ஆனால் அந்த வார்டில் ஆறு படுக்கைகள். ஆயாவின் முகம் நினைவுக்கு வந்தது. "முடியாது, அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மனைவிக்கு அவர் தூரத்தில் நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தலைசுற்றும் என்று தெரிந்து உட்கார்ந்தே இருந்தார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு முகக்கவசத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி, போங்க. தனியாப் போறது எனக்கு என்ன புதுசா? மூணு தடவ போயிட்டு வந்தவதானே?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அவரைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் தண்டல் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, அப்படிச் சொல்லாத. அப்படிச் சொல்லாதளா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தோளைத் தொட யாராலும் முடியவில்லை. மஞ்சள் பையைத் தரையில் வைத்துவிட்டு, தனிமை முகாமுக்குப் போகும் வண்டியில் ஏறினார். தங்கை அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டு நாட்கள் தங்கையின் போனில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். மூன்றாம் நாள் காலை கழிப்பறைக்குப் போக எழுந்து நின்ற அந்த அம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. மருத்துவர்கள் ஓடி வந்து முக்கால் மணி நேரம் போராடியும் பயனில்லை.

அவருக்குத் தொற்று இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள் கோப்பில் இருந்தது. அதனால் உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, முகம் தெரிய மாதா கோயிலுக்குத் தூக்கிப்போனார்கள். ஊரே வந்தது. அந்த நாட்களில் எத்தனையோ பேருக்குக் கிடைக்காத அடக்கம் அது. கணவர் மட்டும் அங்கே இல்லை. ஒரு கல்லூரி விடுதியின் முகாம் அறையில், யாரோ போனில் காட்டிய படத்தில் மண் விழுவதைப் பார்த்தார். முகாமில் இருந்த நாட்கள் முழுவதும் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையாம்.

முகாமிலிருந்து விட்டதும் அவர் என்னைத் தேடி வந்தார். மதிய வெயில். கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். தூரத்தில் அவரைக் கண்டதுமே எழுந்து நின்றேன். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோணியில என்னோட ஏழு பேரு இருந்தாங்க, யம்மா. எல்லாருக்கும் எடுத்துப் பாத்தாச்சு. ஒருத்தனுக்கும் இல்ல. ஒரே பானையிலதான் தின்னோம், பக்கத்துல பக்கத்துலதான் படுத்தோம். எனக்கு மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?"

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"ஒன்ன நான் குத்தம் சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். ஒன் மிசினு சொன்னது உறுதிதானா? எனக்கு அது நெசமாவே இருந்துச்சா?"

உறுதி என்று எந்தச் சோதனையையும் சொல்ல முடியாது. நோய் வந்ததே தெரியாமல் வந்து போயிருந்தால், அதன் மிச்சத்தைக்கூட அந்த எந்திரம் பிடித்துக் காட்டும். கடைத்தெருவில் யாரிடமோ தொற்றி, உடன் இருந்தவர்களுக்குப் பரவாமல் போயிருக்கவும் கூடும். மாதிரியில் தவறு நேர்ந்திருக்கவும் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் எதிரே நின்றவருக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. உள்ளே போயிருந்தால் ஆறு பேருக்குத் தொற்றைக் கொடுத்திருப்போம் என்று நம்பினால் அவரால் தூங்க முடியும். ஒன்றுமில்லாமலே வாசலில் தடுக்கப்பட்டோம் என்று தோன்றிவிட்டால் முடியாது.

"உறுதிதான், அண்ணாச்சி. சந்தேகமே இல்ல" என்றேன்.

அவர் என் கண்களையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். "அப்பச் சரி. அவளுக்கு நான் கேடு செய்யல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொட்டகையின் படல் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

இன்று அந்த மருத்துவமனையில் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. தண்டல் மறுபடி கடலுக்குப் போகவில்லை என்றும், புன்னைக்காயலில் மனைவியின் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். ஆனால் அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. காகிதத்தில் ஒரு பொய்யை எழுத அன்று மறுத்த நான், அவர் முகத்தைப் பார்த்துத் தயங்காமல் சொன்ன அந்தச் சொல்லை இன்னொரு முறை அப்படியே சொல்வேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.