விரதத்திலும் தவறாத குளிசை

கந்தசஷ்டி வந்தால் என் கணவர் ஆறு நாளும் இரண்டொரு மிடறு தண்ணீரோடு மட்டும் இருப்பார். நான் மதியம் ஒரு வேளை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, அதையும் விரதம் என்று சொல்லிக்கொள்கிற ஆள். ஆனால் மருந்து விஷயத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நான்தான் பொலிஸ். காலையில் அவர் உள்ளங்கையை நீட்டுவார். நான் பிரஷர் குளிசையை வைப்பேன். அவர் அதைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வார்.

போன வருடம் விரதத்தின் நடுவில் ஒருநாள் கையை நீட்டவில்லை.

"இண்டைக்கு வேண்டாமே. எழும்பினாத் தலை சுத்துது."

"குளிசை போட்டா விரதம் முறியாது. சும்மா சாட்டுச் சொல்லாதேங்கோ" என்றேன். மெஷினைக் கட்டிப் பார்த்தால் பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. குளிசை வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. அன்றும் கொடுத்தேன், அடுத்தடுத்த நாளும் கொடுத்தேன்.

சூரன்போர் பார்க்க வேட்டி கட்டிக்கொண்டு நின்றவர் கட்டிலோரம் சரிந்தார். முந்தின நாளிலிருந்தே சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்.

அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அன்ரி, கிட்னிக்கு வாற ரத்தத்தின்ர அமுக்கத்தை கிட்னியே பாத்துக்கொண்டிருக்கும். குறைஞ்சா ஒரு ஹோர்மோனை விடும். அதால ரத்தக் குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணியும் உடம்பிலேயே நிக்கும், பிரஷர் ஏறும். இந்தக் குளிசை அந்த வழியைத்தான் மறிக்கிறது. மற்ற நாளில அது நல்லது. உடம்பில தண்ணி வத்தின நேரம் கிட்னியின்ர கையைக் கட்டிவிட்ட மாதிரி."

அவருடைய சிறுநீரகங்கள் அவரைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கின்றன. நான் காலைதோறும் போய்த் தடுத்திருக்கிறேன். அவர் உடம்பு சொன்னதைச் சாட்டு என்றேன்.

கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பை நிறைந்தால் போதும் என்றுதான் முருகனிடம் கேட்டேன். மெல்ல நிறைந்தது. ஆனால் சிறுநீரகங்கள் முழுதாகப் பழையபடி ஆகவில்லை. இனி விரதமும் இல்லை.

இப்போது தலை சுற்றுகிறதா, தண்ணீர் குடித்தாரா என்று விசாரித்துத்தான் குளிசையை எடுக்கிறேன். டொக்டர் மாற்றித் தந்த குளிசை இது. "என்ன குளிசை எண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

"உம்மட கையால தந்தாச் சரிதானே" என்று கையை நீட்டுகிறார்.